நமக்கு ஆலோசனை சொன்ன வக்கீலே எதிர்த்தரப்புக்கு ஆஜராகிறார், தடுக்க முடியுமா?

கணக்குநோட்டு:

வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள், சற்று நீளமாகத்தான் வரும்.

நானும் ஒரு நண்பரும் கூட்டாகத் தொழில் நடத்தினோம். ஆரம்பத்தில் கூட்டாண்மைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் ஒரு வக்கீல். இரண்டு பேருமாகத்தான் அவரைப் போய்ப் பார்த்தோம், ஃபீஸும் தொழில் கணக்கிலிருந்தே போனது. அதற்குப் பிறகும் வாடகை ஒப்பந்தம், பாக்கி வைத்தவருக்கு நோட்டீஸ் என்று ஏதாவது வந்தால் அவரிடம்தான் போவோம். கடைசியில் எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை, கணக்கில் சண்டை, இப்போது நண்பர் என்மேல் கேஸ் போட்டுவிட்டார். கூட்டாண்மையைக் கலைக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும், நான் எடுத்ததாகச் சொல்லும் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று பிராது.

சம்மனோடு வந்த பிராது நகலைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் வாதியின் வழக்கறிஞர் என்று அச்சடித்த இடத்துக்கு மேலே அதே கையெழுத்து. எங்கள் பத்திரத்தில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் இருக்கும் அதே வளைவு, அதே அடிக்கோடு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இப்போது எனக்காக ஆஜராகிறவர், 'அதைக் கண்டுகொள்ளாதீர்கள், பத்திரம் எழுதினது வேறு, கேஸ் வேறு, வக்கீலை மாற்றச் சொல்லி மனுப் போட்டால் நீதிபதிக்கு எரிச்சல்தான் வரும்' என்கிறார். உண்மையா? ஒரு வக்கீலை வழக்கிலிருந்து விலகச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போடுமா, போடாதா? போடும் என்றால், நான் அவரிடம் என்னென்ன சொல்லியிருக்கிறேன் என்று மனுவில் எழுத வேண்டுமா? எழுதினால் அதை எதிர்த்தரப்பு வரிக்கு வரி படிக்குமே, அப்புறம் ரகசியம் எங்கே இருக்கிறது?

எந்த நாடு என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை, அவர்களும் இங்கே உலாவலாம். பொதுவாக நீதிமன்றங்கள் இதை எப்படிப் பார்க்கின்றன என்று சொன்னால் போதும், உள்ளூர் விதியை நான் சரிபார்த்துக்கொள்கிறேன்.

கறுப்பங்கி:

போடும். உங்கள் வக்கீல் சொல்வது பாதி சரி, மனுப் போட்டால் எரிச்சல் வரும் என்பது நிஜம்தான், ஏனென்றால் எதிர்த்தரப்பின் கையை ஒடிக்க இதை ஓர் ஆயுதமாக எடுப்பவர்கள் அதிகம், நீதிபதிகளுக்கு அது தெரியும். ஆனால் 'பத்திரம் வேறு, கேஸ் வேறு' என்பதை அப்படியே விழுங்காதீர்கள். இப்போது நடக்கும் வழக்கே அந்தப் பத்திரத்தின் ஷரத்துகளைப் பற்றியது என்றால் அது எப்படி வேறாகும்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்த மனு அந்த வக்கீல் கெட்டவர் என்று நிரூபிக்க அல்ல. அவர் உங்களிடமிருந்து கட்சிக்காரர் என்ற முறையில் தெரிந்துகொண்டது உங்களுக்கு எதிராகத் திரும்பும் அபாயம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. துரோகம், நன்றி கெட்டவர் என்றெல்லாம் மனுவில் எழுதி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்கிறவர்களின் மனுதான் பெரும்பாலும் தள்ளுபடி ஆகிறது.

நீங்கள் பயப்படுகிற விஷயத்துக்கு, அதாவது ரகசியத்தைச் சொன்னால்தான் ரகசியத்தைக் காக்க முடியுமா என்பதற்கு, அமெரிக்காவில் 1953-லேயே பதில் வந்துவிட்டது. டி.சி. தியேட்டர் எதிர் வார்னர் பிரதர்ஸ் என்ற வழக்கு, நியூயார்க் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி வைன்ஃபெல்ட் எழுதிய தீர்ப்பு. பழைய கட்சிக்காரர் காட்ட வேண்டியது ஒன்றே ஒன்று: அன்றைய விவகாரத்துக்கும் இன்றைய வழக்குக்கும் கணிசமான தொடர்பு இருக்கிறது என்பது. அதைக் காட்டிவிட்டால், அந்த விவகாரம் சம்பந்தமான ரகசியங்கள் வக்கீலிடம் சொல்லப்பட்டிருக்கும் என்று நீதிமன்றமே எடுத்துக்கொள்ளும், என்ன சொன்னீர்கள் என்று தோண்டாது. தோண்டினால் எதைக் காக்கக் கேட்கிறீர்களோ அதுவே போய்விடுமே. பின்னால் வந்த அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி 1.9 இதே அடிப்படையில் நிற்கிறது: அதே விவகாரம் அல்லது கணிசமாகத் தொடர்புடைய விவகாரம், நலன்கள் நேரெதிர், பழைய கட்சிக்காரர் விவரம் தெரிந்து எழுத்தில் சம்மதம் தரவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் அவர் ஆஜராகக் கூடாது.

இங்கிலாந்துக்காரர்கள் ஆரம்பத்தில் இவ்வளவு தாராளம் இல்லை. 1912-இல் ரகுசென் என்பவர் போட்ட வழக்கில், இரண்டே பங்குதாரர்கள் உள்ள சின்ன நிறுவனம், ஒருவர் அவருக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறார், அது தெரியாமல் மற்றவர் அதே விவகாரத்தில் எதிர்த்தரப்பை எடுத்துக்கொண்டார். உண்மையான கேடு வரும் என்று தெரிந்தால்தான் தடுப்போம் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். இன்று அந்த அளவுகோல் செல்லாது, அதைப் பற்றி வேறு யாராவது எழுதுவார்கள்.

இந்தியாவில் என்றால் பார் கவுன்சில் விதிகளில் 33-ஆம் விதி. வழக்குத் தொடுப்பது சம்பந்தமாகவோ மேல்முறையீடு அல்லது வேறு விவகாரம் சம்பந்தமாகவோ எப்போதாவது ஆலோசனை சொல்லியிருந்தால், வழக்குரை எழுதிக் கொடுத்திருந்தால், ஒரு தரப்புக்குச் செயல்பட்டிருந்தால், எதிர்த்தரப்புக்கு ஆஜராகவோ வாதாடவோ கூடாது. இதைத் தவிர கட்சிக்காரரின் நம்பிக்கையை வைத்து ஆதாயம் தேடக் கூடாது என்று 24-ஆம் விதி. ரகசியம் காக்கும் கடமை பழைய சாட்சியச் சட்டத்தில் 126-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 132. வக்காலத்து முடிந்த பிறகும் அந்தக் கடமை தொடரும் என்று அந்தப் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. வக்கீலை விலக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் தனிப் பிரிவு எதுவும் இல்லை, வழக்கமாக 151-இன் கீழ் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைக் கேட்டுத்தான் மனு. வாதம் எல்லாம் ஒரே இடத்தில்தான் முட்டும்: இது 'அதே விவகாரமா' இல்லையா. பத்திரம் எழுதியதோடு அவர் வேலை முடிந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

உங்களுக்கு ஒரு கேள்வி, பதில் முக்கியம். அவரிடம் எப்போதும் இருவருமாகத்தான் போனீர்களா, தனியாகப் போய் ஏதாவது பேசியிருக்கிறீர்களா?

சும்மா_ஒருவன்:

படிக்கும்போதே கோபம் வருகிறது. இதற்கு எதற்கு மனு, வாதம்? நேராக பார் கவுன்சிலில் புகார் கொடுத்து உரிமத்தைப் பறிக்கச் சொல்லுங்கள். ஒரு தரப்பில் சோறு தின்றுவிட்டு இன்னொரு தரப்பில் கை கழுவுகிறவரை விட்டுவைக்கக் கூடாது.

கோர்ட்டு_வராந்தா:

ஒருவன், கோபம் நியாயம்தான். ஆனால் புகார் கொடுத்தால் இந்த வழக்கில் எதுவும் நகராது. ஒழுங்கு நடவடிக்கை தனிப் பாதை. இந்தியாவில் என்றால் வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 35, மாநில பார் கவுன்சிலின் ஒழுங்குக் குழு விசாரித்துக் கண்டிக்கலாம், சில காலத்துக்கு நிறுத்திவைக்கலாம், பட்டியலிலிருந்தே பெயரை நீக்கலாம். தரப்பு மாறி ஆஜரான ஒரு வழக்கறிஞரை நிறுத்திவைத்ததை 1983-இல் சந்திர சேகர் சோனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சரி என்றது, ஆனால் காலத்தைக் குறைத்தது. சரி, அது நடக்கட்டும். அதற்குள் உங்கள் வழக்கில் அதே ஆள் உங்களைக் குறுக்கு விசாரணை செய்து முடித்திருப்பார். விலக்கல் மனு என்பது நடக்கிற வழக்கில் இன்றைக்கு யார் எழுந்து நிற்கலாம் என்பது. இரண்டையும் குழப்பாதீர்கள், ஒரே நாளில் இரண்டையும் போட்டு 'புகாரை வாபஸ் வாங்குகிறேன், நீ விலகு' என்று பேரம் பேசுகிற வேலை வேண்டவே வேண்டாம், அது உங்களுக்கே திரும்பும்.

அப்புறம் கறுப்பங்கி சொன்ன ஆயுதம் விஷயம். இதை நான் வராந்தாவிலேயே நிறையப் பார்த்துவிட்டேன். எதிரில் நல்ல வக்கீல் வந்துவிட்டால் சிலருக்குத் திடீரென்று ஞாபகம் வரும், எப்போதோ அவரிடம் போனில் பேசினோமே என்று. இன்னும் சில பேர் வேறு வழி பிடிப்பார்கள், எதிர்த்தரப்பு வக்கீலின் பெயரையே சாட்சிப் பட்டியலில் போட்டுவிடுவார்கள். சாட்சி சொல்ல வேண்டியவர் அதே வழக்கை நடத்தக் கூடாது என்று விதி இருக்கிறது, இந்தியாவில் 13-ஆம் விதி, அமெரிக்க மாதிரி விதிகளில் 3.7. ஆக, பட்டியலில் பெயர் போட்டாலே ஆள் அவுட் என்று கணக்கு. 2011-இல் கொக்கண்டா பூந்தாச்சா எதிர் கணபதி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு பூட்டுப் போட்டது. எதற்காக அழைக்கிறோம் என்று காரணமே சொல்லாமல் எதிர்த்தரப்பு வக்கீலைச் சாட்சிப் பட்டியலில் சேர்க்க விட்டால், ஒவ்வொருவரும் இப்படியே மற்றவரின் வக்கீலைப் பிடுங்கிவிடுவார்கள் என்றது.

உங்கள் விஷயத்தில் அவரே பத்திரம் எழுதியவர் என்பதால் சாட்சி வாதமும் இருக்கிறது. லாபப் பங்கு ஷரத்தில் என்ன உத்தேசம் என்று சண்டை வந்தால் அவரைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்? ஆனால் பத்திரத்தின் வாசகமே தெளிவாக இருந்தால் அவர் சாட்சியே தேவையில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிடும். அதனால் இதைப் பின்வரிசையில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தாமதம். எதிர்வழக்குரை போட்டு, ஆவணங்கள் குறியீடு செய்து, சாட்சி விசாரணை பாதியில் இருக்கும்போது வந்து 'ஐயா, இவர் எனக்குப் பழைய வக்கீல்' என்றால் முதல் கேள்வியே 'இவ்வளவு நாள் எங்கே போனீர்கள்' என்பதுதான். எந்த நாட்டு நீதிமன்றமும் இதில் ஒரே மாதிரி. சம்மன் வந்த அன்றே உங்களுக்குத் தெரியும் என்று பிராதின் கடைசிப் பக்கமே சாட்சி சொல்கிறது.

கணக்குநோட்டு:

எல்லோருக்கும் நன்றி. கறுப்பங்கி கேட்டதற்குப் பதில். பெரும்பாலும் இருவருமாகத்தான் போனோம். ஆனால் சண்டை முற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை நான் மட்டும் போனேன். தொழிலிலிருந்து நான் வெளியே வந்தால் என்ன ஆகும், என் பங்கை எப்படி மதிப்பிடுவார்கள், எந்தத் தொகைக்குக் கீழே நான் இறங்கவே மாட்டேன், அது ஏன், என்றெல்லாம் மனம்விட்டுப் பேசினேன். அவரும் மஞ்சள் காகிதத்தில் எழுதிக்கொண்டே இருந்தார், நான் சொன்ன தொகையை எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஃபீஸ் வேண்டாம் என்றுவிட்டார். அதனால் ரசீது கிடையாது. மறுநாள் 'நேற்றுப் பேசியதைப் பற்றி யோசித்தேன், அவசரப்பட வேண்டாம்' என்று அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது, அது இன்னும் போனில் இருக்கிறது.

இப்போது சமரசம் பேசலாம் என்று அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு தொகை சொல்லியிருக்கிறார்கள். அந்த வட்டம் போட்ட தொகைக்கு மிக அருகில் இருக்கிறது. தற்செயலாகவும் இருக்கலாம், எனக்கு அப்படி நினைக்க முடியவில்லை.

கறுப்பங்கி:

அப்படியானால் உங்கள் வழக்கின் கனமே மாறிவிட்டது. ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன்.

இருவருமாகப் போய்க் கேட்டதில் உங்களுக்குள் ரகசியம் என்று ஒன்று இல்லை. நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதை நண்பரிடமிருந்து யார் மறைக்க முடியும்? கூட்டுக் கட்சிக்காரர்கள் பின்னால் சண்டை போட்டால் அந்தப் பேச்சு இருவருக்கும் பொது. இதை வைத்து மனுவை எதிர்ப்பார்கள். அமெரிக்காவிலேயே இதில் இரண்டு போக்கு உண்டு. 1977-இல் அலகர்ட் எதிர் பெரோ வழக்கில் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், இன்னொருவரிடம் சொல்லமாட்டார் என்று எதிர்பார்க்கவே இடமில்லாத இடத்தில் விலக்கல் கேள்வியே எழாது என்றது. இரண்டு வருடம் கழித்து ஐந்தாம் வட்டாரம் நேர்மாறாகப் போனது. நியூ ஆர்லியன்ஸில் ஒரே குடும்பம் நடத்திய பிரென்னன்ஸ் உணவகத் தொழில், குடும்பம் பிரிந்து பெயர் யாருக்கு என்று வழக்கு, பிரிவதற்கு முன் எல்லோருக்கும் பொதுவாக இருந்த வக்கீல் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார். அவரை விலக்கியது சரி என்று 1979-இல் தீர்ப்பு. ரகசியம் கசியுமா என்பது மட்டும் கேள்வி இல்லை, அதே விவகாரத்தில் தரப்பு மாறாத விசுவாசமும் வக்கீலின் கடமை என்பதுதான் அதன் சாரம். எனக்கு இந்த இரண்டாவது போக்குதான் நியாயமாகப் படுகிறது. இருவருக்கும் பொதுவாக உழைத்தவர், சண்டை வந்ததும் ஒருவரைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றவர்மேல் பாய்வதில் ரகசியம் இல்லாவிட்டாலும் ஏதோ சரியில்லை.

ஆனால் நீங்கள் அந்தச் சர்ச்சைக்குள்ளேயே போக வேண்டியதில்லை, தனியாகப் போன அந்தச் சந்திப்பு இருக்கிறது. ஃபீஸ் வாங்காதது ஒரு பொருட்டே அல்ல. வக்காலத்தில் கையெழுத்துப் போடாமல், காசு கொடுக்காமல், வழக்கைக் கொடுக்கலாமா என்று விசாரிக்க வந்தவருக்குக்கூட மாதிரி விதி 1.18 பாதுகாப்புத் தருகிறது, சொன்ன தகவல் அவருக்குக் கணிசமாகக் கேடு விளைவிக்கக்கூடியது என்றால் அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்குப் போக முடியாது. நீங்கள் விசாரிக்க வந்தவர்கூட இல்லை, ஏற்கெனவே கட்சிக்காரர். ஒருவர் எவ்வளவுக்கு இறங்கி வருவார் என்பதைவிடக் கேடான தகவல் சிவில் வழக்கில் வேறு என்ன இருக்கிறது? சாட்சியத்தில் அது வரவே வராது, தீர்ப்பில் ஓர் இடத்திலும் தெரியாது, ஆனால் சமரச மேசையில் எல்லாமே அதுதான்.

பிரமாணப் பத்திரத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டால், சந்திப்பு நடந்த தேதி, இடம், நீங்கள் மட்டும் போனது, பேசிய பொருள் 'கூட்டாண்மையிலிருந்து விலகுவதும் அதன் நிபந்தனைகளும்', அவர் குறிப்பு எடுத்தது, மறுநாள் அனுப்பிய செய்தியின் நகல். அத்தோடு நிறுத்துங்கள். தொகையை எழுதாதீர்கள், வட்டத்தை எழுதாதீர்கள், காரணத்தை எழுதவே எழுதாதீர்கள். இப்போது வந்த சமரசத் தொகை சந்தேகமாக இருக்கிறது என்று எழுத ஆசையாக இருக்கும், அதையும் விடுங்கள், அதை எழுதினால் உங்கள் அடிமட்டத் தொகை எங்கே இருக்கிறது என்று நீங்களே காட்டிக்கொடுக்கிறீர்கள். நீதிபதி கட்டாயம் பார்க்க வேண்டும் என்றால் மூடி முத்திரையிட்ட உறையில் அவரிடம் மட்டும் தர அனுமதி கேளுங்கள், எல்லா நீதிமன்றமும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லமாட்டேன்.

மனுவுக்கு முன்னால் அவருக்கே ஒரு கடிதம். விவரம் இல்லாமல், இன்ன விவகாரத்தில் எனக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறீர்கள், நான் சம்மதம் தரவில்லை, தரப்போவதும் இல்லை, விலகிக்கொள்ளுங்கள் என்று நாலு வரி. பல பேர் இதிலேயே விலகிவிடுவார்கள், ஏனென்றால் உத்தரவு வாங்கிக்கொண்டு வெளியேறுவது அவர்களுக்கும் அசிங்கம். விலகாவிட்டாலும் நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அந்தக் கடிதமே ஆதாரம். இன்னொன்று, இது தீரும் வரை சமரசப் பேச்சை நிறுத்திவையுங்கள்.

வடக்குவாசி:

நான் கனடாவில் ஒரு சட்ட நிறுவனத்தில் குமாஸ்தா வேலை பார்க்கிறேன், வக்கீல் இல்லை, ஆனால் புது ஃபைல் திறப்பதற்கு முன் பெயர்களைப் போட்டு முரண் இருக்கிறதா என்று தேடுவது என் வேலைதான். தொழில் பெயர், பழைய பெயர், இயக்குநர்கள், துணைவர் பெயர் வரை தட்டிப் பார்ப்போம். கணக்குநோட்டு சொன்ன மாதிரி பத்திரம் எழுதிய ஃபைல் இருந்தால் எங்கள் திரையில் சிவப்பாக வந்து நிற்கும், அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது. தனியாக நடத்துகிறவர்களிடம் இந்தத் தேடலே இருக்காது, ஞாபகத்தில்தான் ஓடும். இவருக்கு ஞாபகம் இல்லாமல் இருந்திருக்க முடியாது என்பது வேறு.

இங்கே எல்லோரும் பிடித்துக்கொண்டு தொங்கும் தீர்ப்பு 1990-இல் கனடா உச்ச நீதிமன்றம் சொன்ன மெக்டொனால்ட் எஸ்டேட் எதிர் மார்ட்டின். மானிடோபாவில் ஒரு ஜூனியர், தன் சீனியரோடு சேர்ந்து ஒரு வழக்கைத் தயாரித்தவர், பின்னால் எதிர்த்தரப்புக்கு ஆஜராகும் நிறுவனத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். நீதிமன்றம், சத்தியத்தை நம்புகிறோமா இல்லையா என்பது கேள்வியே இல்லை, விவரம் தெரிந்த ஒரு சாதாரண மனிதருக்கு ரகசியம் கசியாது என்று திருப்தி வருமா என்று பார், என்றது. நிறுவனத்தையே விலக்கியது. பழைய விவகாரமும் புதியதும் போதிய அளவு தொடர்புடையவை என்றால் ரகசியத் தகவல் போயிருக்கிறது என்று ஊகிப்பார்கள், இல்லை என்று காட்டுகிற சுமை வக்கீல் தலையில், அதுவும் கடினமான சுமை.

ஆனால் அதே தீர்ப்பில் மறுபக்கத்தையும் வைத்துத்தான் எடை போட்டார்கள். ஒரு கட்சிக்காரருக்கு அவர் விரும்பிய வக்கீலைத் தக்க காரணம் இல்லாமல் பறிக்கக் கூடாது, இளம் வக்கீல்கள் வேலை மாறவும் வழி இருக்க வேண்டும். உங்கள் நண்பரும் ஒரு கட்சிக்காரர்தானே, அவர் பணம் கொடுத்து வைத்த வக்கீல் நடுவில் போனால் புதியவர் முதலிலிருந்து படிக்க வேண்டும், அந்தச் செலவு அவருடையது. நீதிபதி அதையும் நினைப்பார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை முரணும் இருக்கிறது, உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் கேட்டுவைக்கலாம். கனடியன் நேஷனல் ரயில்வேக்குச் சில ஃபைல்களை நடத்திக்கொண்டிருந்த நிறுவனமே, அதே ரயில்வேமேல் 175 கோடி டாலர் கேட்கும் குழு வழக்கை எடுத்துக்கொண்டது. விவகாரங்களுக்குள் சம்பந்தமே இல்லை. ஆனாலும் இன்றைய கட்சிக்காரர்மேல் அவர் சம்மதம் இல்லாமல் கேஸ் போடக் கூடாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது பழைய கட்சிக்காரர் என்றால் தொடர்பைக் காட்ட வேண்டும், இன்றைய கட்சிக்காரர் என்றால் நலன்கள் நேரெதிராக மோதினாலே போதும்.

சும்மா_ஒருவன்:

சரி, புகார் யோசனையை விட்டுவிட்டேன். ஒரு சந்தேகம். அந்த வக்கீல் 'நான் விலகிக்கொள்கிறேன், என் ஆபீஸில் இருக்கும் இன்னொருவர் நடத்துவார், நான் அந்த ஃபைலைத் தொடமாட்டேன்' என்று சொன்னால்? நியாயம்தானே என்று தோன்றுகிறதே.

கோர்ட்டு_வராந்தா:

முதலில் சொல்லப்போவதே அதுதான், நல்லவேளை கேட்டீர்கள். இதற்குத் தடுப்புச் சுவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுவர் பெரிய நிறுவனத்தில், வேறு வேறு மாடியில், ஆரம்பத்திலிருந்தே கட்டியிருந்தால் சில இடங்களில் ஏற்பார்கள். பிரச்சினை வந்த பிறகு அவசரத்துக்கு எழுப்பிய சுவருக்கு மதிப்புக் குறைவு. புருனே இளவரசர் ஜெஃப்ரி எதிர் கேபிஎம்ஜி என்ற கணக்காய்வு நிறுவனம், 1998 டிசம்பரில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை, அப்போது அங்கே உச்ச நீதிமன்றம் அதுதான். அவர் வழக்குக்காக அந்தக் கணக்காய்வு நிறுவனத்தில் ஏராளமான பேர் வேலை பார்த்து அவருடைய பண விவகாரம் எல்லாம் அறிந்திருந்தார்கள். பிறகு புருனே அரசின் முதலீட்டு முகமைக்காக, பணம் எங்கே போனது என்று துருவும் வேலையை அதே நிறுவனம் எடுத்தது, அது அவருக்கே எதிராகப் போகக்கூடிய வேலை. ஆட்களைப் பிரித்துச் சுவர் வைத்தோம் என்றார்கள். மில்லட் பிரபு ஏற்கவில்லை. ஒரே துறைக்குள் ஒருவரோடு ஒருவர் பழகி வேலை செய்கிறவர்கள் நடுவே தற்காலிகமாகப் போட்ட சுவர் போதாது, அபாயம் வெறும் கற்பனையாக இல்லாமல் உண்மையாக இருந்தால் போதும், பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை, அபாயம் இல்லை என்று காட்ட வேண்டியது நிறுவனம்தான். கறுப்பங்கி சொன்ன 1912 அளவுகோல் இங்கேதான் போனது. கணக்காய்வாளர்களாக இருந்தாலும் வழக்கு வேலை செய்ததால் வக்கீல்களுக்கு உள்ள அதே கடமை என்று வைத்தார்கள்.

அமெரிக்க மாதிரி விதி 1.10-இல் ஒருவருக்குள்ள தடை மொத்த அலுவலகத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். 2009-இல் சுவருக்கு இடம் கொடுத்தார்கள், ஆனால் அது வேறு நிறுவனத்திலிருந்து மாறி வந்தவர் கொண்டுவரும் முரணுக்குத்தான், அதே நாற்காலியில் உட்கார்ந்து ஆலோசனை சொன்னவருக்கு அல்ல. எல்லா மாநிலமும் அப்படியே எடுத்துக்கொள்ளவும் இல்லை. நம்மவர் விஷயத்தில் ஒரு சீனியர், இரண்டு ஜூனியர், ஒரே அறை, ஒரே அலமாரி என்றால் சுவரை எங்கே கட்டுவது? பெயரை மாற்றி ஜூனியர் வக்காலத்துப் போட்டு வந்தால் அதையும் சேர்த்தே எதிர்த்துவிடுங்கள், மனுவின் கடைசியில் என்ன உத்தரவு வேண்டும் என்று கேட்கும் பகுதியில் 'அவரும், அவருடைய அலுவலகத்தைச் சேர்ந்தவர்களும்' என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

கணக்குநோட்டு:

கடைசியாக ஒன்று. மனு வெற்றி பெற்றாலும் அவர் நண்பரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டிருந்தால் என்ன பிரயோஜனம்? புதிய வக்கீலிடமும் அந்த மஞ்சள் காகிதம் போய்விடுமே?

கறுப்பங்கி:

நண்பர் காதில் போட்டதை எந்த உத்தரவும் திரும்ப எடுக்க முடியாது, அது உண்மைதான். ஆனால் காகிதத்தைத் தடுக்க முடியும். மனுவிலேயே இரண்டாவதாக ஒன்று கேளுங்கள்: உங்களுக்காக எடுத்த குறிப்புகள், கடிதங்கள் எதையும் புதிய வக்கீலிடம் தரக் கூடாது, பேசவும் கூடாது, உங்கள் ஃபைலை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி ஃபைலைப் பிடித்துவைக்க இந்தியாவில் முடியாது, 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. நீங்கள் தனியாகப் போன சந்திப்புக்கோ அவர் ஃபீஸே வாங்கவில்லை.

மனு தோற்றால் மேல்முறையீடு எல்லா இடத்திலும் உடனே கிடையாது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் சிவில் வழக்கில் விலக்க மறுத்த உத்தரவை நடுவில் மேலே கொண்டுபோக முடியாது என்று 1981-லும், விலக்கிய உத்தரவையும் அப்படித்தான் என்று 1985-லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இறுதித் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டும். ஆக முதல் தடவையே ஒழுங்காகப் போடுங்கள். உங்கள் இப்போதைய வக்கீல் தயங்கினால் இந்த ஒரு மனுவுக்கு மட்டும் வேறொருவரை வைத்துக்கொள்ளலாம், ஒரே பாரில் தினமும் முகம் பார்க்கிறவருக்கு இன்னொரு வக்கீல்மேல் இப்படி எழுத மனம் வராது, அது அவர் குற்றமும் இல்லை.

அந்த மறுநாள் செய்தியை இன்றைக்கே படம் எடுத்து, தேதியும் எண்ணும் தெரிகிற மாதிரி, வேறு இடத்திலும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். போனை மாற்றாதீர்கள்.